மடியில் கனல்

டிசம்பர் 21ஆம் தேதி காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் ‘சில்லை கலான்’ பிறக்கிறது. நாற்பது நாள் கடுங்குளிர். அது முடிந்தாலும் உடனே விடுதலை கிடையாது. அதன் தம்பியாக இருபது நாள் ‘சில்லை குர்த்’ வரும். கடைக்குட்டியாகப் பத்து நாள் ‘சில்லை பச்சா’ வரும். தால் ஏரியின் ஓரங்களில் பனிக்கட்டி படரும். இரவில் உறைந்துபோன குழாயைக் காலையில் காகிதம் கொளுத்திக் காட்டி இளக்கிய பிறகுதான் முகம் கழுவவே தண்ணீர் கிடைக்கும்.

இந்த நாட்களில் ஸ்ரீநகரின் லால் சௌக்கில் நடந்து போகும் வெளியூர்க்காரர் ஒரு வினோதத்தைக் கவனிப்பார். எதிரே வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கைகளே இல்லை. முழங்காலுக்குக் கீழே தொங்கும் ‘ஃபெரன்’ என்ற கம்பளி அங்கியின் சட்டைக்கைகள் வெறுமையாக ஆடிக்கொண்டிருக்கின்றன. ஆணோ பெண்ணோ, எல்லாருக்கும் வயிறு மட்டும் புடைத்திருக்கிறது. கைகள் இரண்டும் அங்கிக்குள்ளே வயிற்றோடு அணைத்துப் பிடித்திருப்பது காங்ரியை, அதாவது கூடைக்குள் வைத்த கனல் சட்டியை. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பதாகத் தமிழில் சொன்னால் அது கவலையைக் குறிக்கும். காஷ்மீரில் அது அன்றாட நடைமுறை.

காங்ரி எளிய சாதனம்தான். உள்ளே கைக்கு அடக்கமான மண்சட்டி. அதற்கு ‘கொண்டுல்’ என்று பெயர். சட்டியைச் சுற்றி வில்லோ மிலாறுகளால் பின்னிய கூடை, பிடித்துக்கொள்ள இரண்டு கைப்பிடிகள். கனலைக் கிளற ‘சலன்’ என்ற சின்னக் கரண்டி ஒன்று பக்கத்தில் கட்டித் தொங்கும். கால் கிலோ கரி போட்டால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் சூடு நிற்கும். சட்டியின் வெப்பம் சுமார் 66 டிகிரி செல்சியஸ். தொட்டவுடன் பொசுக்கிவிடாது. அதில்தான் சிக்கலே. உடனே சுட்டிருந்தால் யாரும் மடியில் வைத்திருக்க மாட்டார்கள்.

இதற்கான எரிபொருள் இலையுதிர் காலத்திலேயே தயாராகிவிடுகிறது. சினார் மரங்கள் சிவந்து உதிரும் காட்சியைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் விமானமேறி வருகிறார்கள். அதே இலைகளைக் காஷ்மீர்ப் பெண்கள் துடைப்பத்தால் கூட்டிக் குவித்துக் கொளுத்தி, சாம்பலாகும் முன் தண்ணீர் தெளித்துக் கரியாக்கி மூட்டை கட்டுகிறார்கள். நவம்பர் மாத மாலைகளில் நகரத்தின் மேல் படியும் நீலப் புகை மூட்டத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

காங்ரிகளில் உசத்தியானது சரார்-இ-ஷெரீஃபில் செய்யப்படுவது என்பது பள்ளத்தாக்கு முழுவதும் ஒப்புக்கொண்ட விஷயம். பாந்திப்போராக்காரர்கள் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். புட்காம் மாவட்டத்தில் ஒரு மேட்டு நிலத்தின் மீது இருக்கிறது சரார். இந்துக்களும் நுந்த ரிஷி என்று வணங்கும் ஷேக் நூருதீன் நூரானியின் சமாதி இருக்கும் ஊர். 1995 மே மாதம் ராணுவத்துக்கும் தீவிரவாதிகளுக்கும் இடையே நடந்த முற்றுகையில் தர்காவும், அதைச் சுற்றியிருந்த வீடுகளும் எரிந்துபோயின. நாட்டின் பிற பகுதிகளில் இருப்பவர்களுக்கு இந்த ஊரின் பெயர் ஞாபகமிருப்பது அதனால்தான். தர்கா பிறகு திரும்பக் கட்டப்பட்டது. கடைத்தெருவும் திரும்ப எழுந்தது. அங்கே காங்ரிகள் அடுக்கடுக்காகத் தொங்குகின்றன. தினசரி உபயோகத்துக்கான மொட்டைக் கூடைகளும் உண்டு. சாயம் தோய்த்த மிலாறும் கண்ணாடிச் சில்லும் பதித்து, கல்யாணப் பெண்ணுக்குக் கொடுப்பதற்கென்றே செய்த அலங்காரக் காங்ரிகளும் உண்டு. தர்காவுக்கு வருகிறவர்கள் பிரசாதம் வாங்குவது போலக் காங்ரியும் வாங்கிப் போகிறார்கள்.

காங்ரி காஷ்மீருக்கு எப்படி வந்தது என்பதில் ஒருமித்த கருத்தில்லை. மொகலாய மன்னர்களின் பரிவாரத்தில் வந்த இத்தாலியர்களிடமிருந்து கற்றதாக ஒரு கதை சொல்லப்படுகிறது. இத்தாலியில் ‘ஸ்கால்டினோ’ என்று இதே போன்றதொரு சட்டி இருந்தது என்பதைத் தவிர இதற்குப் பெரிய ஆதாரமில்லை. எப்படி வந்திருந்தாலும் சரி, இன்று அது குடும்பத்தில் ஒரு உறுப்பினர். திருமணங்களில் திருஷ்டி கழிக்க ‘இஸ்பந்த்’ விதைகளைத் தூவுவது அதன் கனல்மேல்தான். தமிழ்நாடு பொங்கல் கொண்டாடும் மகர சங்கராந்தியன்று காஷ்மீரப் பண்டிதர்கள் இறந்துபோன மூதாதையர் பெயரில் புரோகிதருக்குக் காங்ரி தானம் செய்வது வழக்கம். மேலுலகத்திலும் குளிருமே என்ற கவலை. குளிர்காலத்தை வழியனுப்பும் திலா அஷ்டமி மாலையில் பழைய காங்ரிகளில் வைக்கோலைத் திணித்துக் கொளுத்தி, கயிற்றில் கட்டிச் சுழற்றி எறிவார்கள் சிறுவர்கள். ஏறக்குறைய போகி மாதிரி.

இவ்வளவு பாசத்துக்குரிய பொருள்தான் மெல்ல மெல்லத் தோலைத் தின்கிறது.

ஸ்ரீநகர் ஆஸ்பத்திரிகளின் தோல் பிரிவில் வயதானவர்களின் தொடையைப் பார்த்தால் வலை பின்னியது போல் பழுப்பும் கருப்புமாகக் கோடுகள் தெரியும். உட்காரும்போது காங்ரியை இரு தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்வதால் உள்தொடையிலும் அடிவயிற்றிலும்தான் இது அதிகம். வருஷக்கணக்காக இளஞ்சூடு பட்டுப் பட்டு, தோலுக்கடியில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் பாதையிலேயே நிறம் ஏறிப்போவதன் விளைவு. வலியில்லை, அரிப்பும் பெரிதாக இருக்காது. காஷ்மீர் வீடுகளில் இதை யாரும் வியாதியாக நினைப்பதில்லை. நரை விழுவது போல இதுவும் வயதின் அடையாளம் என்று இருந்துவிடுகிறார்கள். ஆரம்பக் கட்டத்தில் சூட்டை நிறுத்தினால் சில மாதங்களில் வலை மங்கிவிடும். பல குளிர்காலங்கள் கடந்த பிறகு மங்காது. அந்த இடத்தில் தோல் மெலிந்து, சொரசொரப்பாகி, தடித்து, ஒரு நாள் சின்னப் புண்ணாக வெடிக்கும்.

அந்தப் புண் ஆறாவிட்டால் அது ‘காங்ரி கேன்சர்’ ஆக இருக்கலாம்.

மருத்துவ மொழியில் இது ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. தோலின் மேலடுக்கில் உள்ள தட்டைச் செல்களில் தோன்றும் புற்று. தோல் புற்றுநோய்களில் மெலனோமா என்பது கடுமையான ஒரு தனி வகை. மற்றவற்றையெல்லாம் மெலனோமா அல்லாதவை என்று ஒரே பையில் போட்டு, அவ்வளவாக ஆபத்தில்லாதவை என்று சொல்வது வழக்கம். வெள்ளைத் தோல்காரர்களின் முகத்திலும் கையிலும் வெயிலால் வரும் கட்டிகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். வெட்டி எடுத்தால் சரியாகிவிடும். நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவுவது நூற்றுக்கு ஐந்து பேரிடம்கூட இருக்காது. ஆனால் சூடுபட்ட தோலிலும் தீத்தழும்பிலும் முளைக்கும் புற்று அத்தனை சாது அல்ல. காங்ரி கேன்சரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு, சில கணக்குகளில் அதற்கும் மேல், இடுப்பு மடிப்பிலுள்ள முடிச்சுகளுக்குப் பரவிவிடுவதாக மருத்துவ ஏடுகள் சொல்கின்றன. அறுத்த இடத்திலேயே திரும்ப வருவதும், பக்கத்தில் புதிதாக முளைப்பதும் உண்டு.

இதை முதலில் உலகுக்குச் சொன்னவர் வில்லியம் ஜாக்சன் எல்ம்ஸ்லி என்ற ஸ்காட்லாந்து டாக்டர். 1865இல் மிஷனரியாக ஸ்ரீநகருக்கு வந்து வைத்தியசாலை திறந்தார். காஷ்மீரிகளின் தொடையிலும் வயிற்றிலும் மட்டும் ஏன் இவ்வளவு புற்றுக் கட்டிகள் என்று யோசித்து, காங்ரியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். 1866இல் இந்தியன் மெடிக்கல் கெஜட்டில் அவர் கட்டுரை வெளியாயிற்று. இதில் ஒரு வேடிக்கை. அந்நாளில் ஐரோப்பியர்கள் குளிர்காலத்தில் பள்ளத்தாக்கில் தங்க மகாராஜாவின் அரசு அனுமதிக்கவில்லை. ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் எல்ம்ஸ்லி மூட்டை கட்டிக்கொண்டு கணவாயைத் தாண்டிச் சமவெளிக்கு இறங்க வேண்டும். குளிரால் வரும் நோயைக் கண்டுபிடித்தவர் ஒரு காஷ்மீர்க் குளிரைக்கூட முழுதாகப் பார்க்க முடியவில்லை. 1872இல் அப்படித் திரும்பும் பயணத்தில்தான் உடல் நலிந்து இறந்தார்.

அவருக்குப் பின் வந்த ஆர்தர் நெவ், எர்னஸ்ட் நெவ் சகோதரர்கள் சங்கராச்சாரியார் குன்றின் அடிவாரத்தில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் பல பத்தாண்டுகள் கத்தி பிடித்தார்கள். அவர்கள் அறுத்த கட்டிகளில் கணிசமானவை காங்ரி தந்தவை. எர்னஸ்ட் நெவ் 1923இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். புற்றுநோய் எப்படி உண்டாகிறது என்று மேலைநாட்டு விஞ்ஞானிகள் மூளையைக் கசக்கிக்கொண்டிருந்த காலம் அது. திரும்பத் திரும்பப் படும் சூடே புற்றை உண்டாக்கும் என்பதற்குக் காஷ்மீரிகளின் தொடை உலகப் பாடப்புத்தகங்களில் சாட்சியாக ஏறியது. அந்தப் பெருமையால் காஷ்மீரிகளுக்கு ஆன பலன் ஒன்றுமில்லை. சூடு மட்டும்தான் காரணமா, கரிப்புகையில் உள்ள ரசாயனங்களும் சேர்ந்துகொள்கின்றனவா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

ஸ்ரீநகரின் பெரிய ஆஸ்பத்திரிகளில் இன்று இதற்காக வருகிறவர்களின் கதைகளை அடுக்கிப் பார்த்தால் அநேகமாக ஒரே கதையாகத்தான் இருக்கும். கிராமத்திலிருந்து வரும், அறுபது வயது தாண்டிய ஒரு பாட்டி என்று வைத்துக்கொள்ளலாம். தொடையில் புண் வந்து பல மாதங்களாகியிருக்கும். முதலில் மஞ்சள், பிறகு மருந்துக்கடைக் களிம்பு, பிறகு பக்கத்து ஊர் டாக்டரின் ஊசி. இடம் அப்படி என்பதால் மகனிடம் சொல்லக் கூச்சம். துர்நாற்றம் வந்த பிறகுதான் மருமகளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு வரும்போது புண்ணின் ஓரம் காலிஃப்ளவர் மாதிரி மடிந்து தடித்திருக்கும். ஓரத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். முடிவு வருமுன்பே சர்ஜனுக்கு விடை தெரியும்.

ஆபரேஷனில் கட்டியை மட்டும் எடுத்தால் போதாது. சுற்றிலும் நல்ல தோலையும் ஓரிரு சென்டிமீட்டர் சேர்த்து, அடியிலும் ஆழமாக எடுக்க வேண்டும். அந்தப் பள்ளத்தை மூடத் தோல் ஒட்டு. ஒட்டுக்கான தோலை வழக்கமாக எடுப்பது தொடையிலிருந்துதான். இங்கேயோ தொடைதான் வலை பின்னிக் கிடக்கிறது. காங்ரி தொடாத இடமாகத் தேட வேண்டும். இடுப்பு மடிப்பில் முடிச்சுகள் வீங்கியிருந்தால் அவற்றையும் அகற்றுவார்கள். அதன் பின் அந்தக் கால் ஆயுளுக்கும் வீங்கியே இருக்க வாய்ப்புண்டு. சிலருக்குக் கதிர்வீச்சும் தேவைப்படும்.

இது வரை சர்ஜனின் வேலை. கடினமான பகுதி இதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது.

தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லப்படும் முதல் வார்த்தை, காங்ரியைத் தொடாதே என்பது. பாட்டி தலையாட்டுவாள். வீடு திரும்பும்போது மாதம் ஜனவரியாக இருந்தால், அந்தத் தலையாட்டலுக்கு என்ன மதிப்பு என்று டாக்டருக்கும் தெரியும். மின்சார ஹீட்டர் இருக்கிறதே என்று சமவெளிக்காரர்கள் கேட்பார்கள். குளிர்காலத்தில்தான் பள்ளத்தாக்கில் மின்வெட்டு அதிகம். ‘புகாரி’ என்ற விறகடுப்பு ஒரு அறையை மட்டும் சூடாக்கும். அதற்கு விறகும் வாங்க வேண்டும். தரைக் கற்பலகைகளுக்கு அடியில் விறகெரித்துச் சூடேற்றும் ஹமாம் வசதியுள்ளவர்களுக்கு. காஸ் ஹீட்டரை மூடிய அறையில் வைத்துவிட்டு உறங்கியவர்கள் எழுந்திருக்காமலே போன செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் பத்திரிகையில் வருகிறது. காங்ரிக்கு இந்தத் தொல்லைகள் கிடையாது. விலை குறைவு, கூடவே நடந்து வரும், கரண்ட் போனாலும் அணையாது. எழுபது வயது எலும்புக்கு அதைவிட நம்பகமான துணை வேறில்லை.

எனவே அனுபவமுள்ள டாக்டர்கள் கட்டளையைக் குறைத்துக்கொண்டு பேரம் பேசுகிறார்கள். விடவே முடியாதா, சரி, மடியில் வைக்காதே, பக்கத்தில் தரையில் வை. கைக்கு மட்டும் காட்டு. உள்ளே கனமான பைஜாமா போட்டுக்கொள், வெறுந்தோலில் படவிடாதே. படுக்கைக்குள் கொண்டுபோகவே போகாதே. கடைசியில் சொன்னதைக் கேட்பது தீக்காயத்தைத் தவிர்க்கவும் உதவும். தூக்கத்தில் காங்ரி கவிழ்வதும், வலிப்பு வந்தவர்கள் கனல்மேல் விழுவதும் அங்கே பழைய துயரங்கள். அந்தத் தழும்பிலும் பிற்காலத்தில் புற்று வரலாம்.

காங்ரியை அறவே விட்டவர்களுக்கும் நோய் திரும்ப வரக்கூடும் என்பதை நோயாளிகளுக்குப் புரியவைப்பதுதான் சிரமம். சூட்டை நிறுத்தியாயிற்று, கட்டியை எடுத்தாயிற்று, பிறகும் ஏன்? வெட்டி எடுத்தது வயலில் ஒரு களையை. வயல் முழுவதும் விதை விழுந்திருக்கிறது. நாற்பது ஐம்பது குளிர்காலங்களில் கெட்டுப்போன தோல் இரு தொடையிலும் அடிவயிற்றிலும் அப்படியேதான் இருக்கிறது. எந்த மூலையில் அடுத்தது முளைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. 1990இல் பள்ளத்தாக்கை விட்டு ஜம்முவுக்கும் டெல்லிக்கும் பெயர்ந்த பண்டிதக் குடும்பங்களின் பெரியவர்களும் இளமைக் காலத்துத் தோலைத்தான் உடன் கொண்டுபோனார்கள். வேர்வை கொட்டும் ஊரில் இருக்கும் ஒரு தோல் டாக்டர், எழுபது வயதுக்காரரின் தொடைப்புண்ணைப் பார்த்துவிட்டு அவர் பிறந்த ஊரையும் விசாரிப்பது நல்லது.

ஆகவே இந்த நோயோடு வாழ்வது என்பது ஒரு நாட்காட்டியோடு வாழ்வது. திரும்ப வருகிற கட்டிகளில் பெரும்பாலானவை முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வந்துவிடும். அதனால் அந்தக் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது டாக்டர் பார்க்க வேண்டும். தழும்பைத் தடவிப் பார்ப்பார். இடுப்பு மடிப்பில் விரலை ஊன்றி முடிச்சு தட்டுப்படுகிறதா என்று தேடுவார். ஐந்து நிமிட வேலை. அதற்காகக் கிராமத்திலிருந்து ஒரு நாள் பயணம். பனி விழுந்தால் சாலை மூடிவிடும். அரசியல் சூடேறினால் ஹர்த்தால், ஊரடங்கு. தவறிப்போன ஒரு தேதியில் வெட்டியெடுக்கக்கூடிய பயறளவு முடிச்சு, அடுத்த தேதிக்குள் வெட்ட முடியாததாகிவிடக்கூடும். ஆரம்ப நிலையிலேயே தென்படும் சொரசொரப்புத் திட்டுகளுக்கு ஃப்ளூரோயூராசில் களிம்பு தடவிப் பார்ப்பதும் உண்டு. தோல் சிவந்து பொருக்கு விடும். மருந்து வேலை செய்வதன் அறிகுறி அது. சொல்லி அனுப்பாவிட்டால் நோயாளி பயந்து நிறுத்திவிடுவார்.

இரண்டு டாக்டர் தேதிகளுக்கு நடுவே பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் வீட்டார்தான். அதாவது பெரும்பாலும் மருமகளோ மகளோ. வெந்நீரில் குளிக்க வைக்கும்போது தொடையின் உள்பக்கத்தையும் அடிவயிற்றையும் ஒரு பார்வை பார்ப்பது, புதிய தடிப்போ கசிவோ ரத்தமோ இருந்தால் மஞ்சள் பூசிக்கொண்டு காத்திராமல் கிளம்புவது. சில வாரங்களில் ஆறாத எந்தப் புண்ணையும் பழைய நோய் திரும்பியதாகவே எண்ணிப் பரிசோதிக்க வேண்டும். கூச்சத்தை வென்ற குடும்பங்களில்தான் நோய் சீக்கிரம் பிடிபடுகிறது. இதில் கத்தியைவிட மருமகளின் கண்ணுக்கு வேலை அதிகம்.

காங்ரி கேன்சர் ஏதோ காஷ்மீரின் தனி விபரீதம் என்று மற்றவர்கள் நிம்மதிப்பட இடமில்லை. சூடேற்றிய செங்கல் படுக்கையில் உறங்கும் வட சீனர்களுக்கும், இடுப்பில் சூட்டுக் குப்பியைக் கட்டிக்கொண்ட ஜப்பானியர்களுக்கும், கரிமண் அடுப்பின் முன் அமர்ந்திருந்த அயர்லாந்துக் கிழவிகளுக்கும் இதே புற்று வந்தது. சூடேதான் வேண்டுமென்பதில்லை, தோலை ஓயாமல் உறுத்தும் எதுவும் போதும். பம்பாய் டாடா நினைவு மருத்துவமனையின் கானோல்கர், சூர்யாபாயுடன் சேர்ந்து 1945இல் எழுதிய கட்டுரையில் வேட்டி முடிச்சு அழுத்தும் இடுப்பில் வரும் புற்றையும் பதிவு செய்தார். பாவாடை நாடாவை வாழ்நாள் முழுவதும் இறுக்கிக் கட்டிய இரு பெண்களுக்கு இடுப்பில் வந்த புற்றைப் பற்றி 2024இல் வார்தா, மதுபனி டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். தொடைமேல் லேப்டாப்பை வைத்து மணிக்கணக்கில் வேலை பார்ப்பவர்களின் தோலில் காங்ரியின் அதே வலைக்கோடுகள் தென்படுவதை 2004 முதல் மருத்துவ ஏடுகள் தெரிவித்துவருகின்றன. கோடுகளை மட்டும்தான். நாற்பது ஆண்டுக் கணக்கு இன்னும் முடியவில்லை.

பள்ளத்தாக்கில் நோய் முன்பைவிடக் குறைந்திருக்கிறது என்கிறார்கள் டாக்டர்கள். இளைஞர்கள் ஜாக்கெட்டுக்கும் மின்சாரக் கம்பளிக்கும் மாறிவருகிறார்கள். ஆனால் கரண்ட் போகும் இரவில், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பேரனும் பாட்டியின் காங்ரியைத்தான் தேடுகிறான்.

ஏப்ரல் மாதம். பாதாம் பூத்து முடிந்து ஆப்பிள் மரங்கள் வெள்ளையாகப் பூக்கும் சமயம். காங்ரிகள் பரணில் ஏறிவிட்டன. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டி உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே டாக்டர் காங்ரியைப் பற்றிக் கேட்பார். தொடவே இல்லை என்பாள் பாட்டி. மருமகள் ஜன்னல் பக்கம் பார்ப்பாள். டாக்டர் ஒன்றும் சொல்லாமல் இடுப்பு மடிப்பில் விரலை ஊன்றித் தேடுவார். இந்தத் தடவை ஒன்றும் தட்டுப்படவில்லை. அட்டையில் அடுத்த தேதியாக ஜூலை மாதத்தில் ஒரு நாளை எழுதுகிறார். அதற்கடுத்தது அக்டோபர் கடைசியில். அதற்குள் சினார் இலைகள் உதிரத் தொடங்கியிருக்கும்.